பத்தரை மாற்று

அமீனா வந்தபோது
வெண்ணெய் அடுப்பில் இருந்தது.
நான்ஸி நகரம், ட்ராம் திரும்பும் முனை.
நவம்பர் மழையோடு உள்ளே நுழைந்தவர்
குடையை எங்கே வைப்பதென்று கேட்டார்.
மாவு மூட்டைமேல் மட்டும் வேண்டாம் என்றேன்.

மேத்ர் குர்னே என்று பெயர் சொல்லி
நீதிமன்றத் தாளை நீட்டினார்.
என் கை முழுக்க முட்டை.
தூனியா வாங்கி, படிக்காமல்,
பாதாம் டப்பாவுக்கு அடியில் செருகினாள்.

வெண்ணெய் அப்போதுதான் பேசத் தொடங்கியிருந்தது.
முதலில் சடசடப்பு. அது நீர் விடைபெறும் சத்தம்.
பிறகு திடீரென்று பேச்சு நிற்கும்.
அந்த இடத்தில்தான் கண் வேண்டும்.
அடியில் படிவது செம்மண் நிறமாகி
வறுத்த கொட்டை வாசம் எழும்;
இன்னும் மூன்று மூச்சு விட்டால் கரி.
ஐயா, ஜப்தி காத்திருக்கும், என்றேன்.
இது காத்திருக்காது.

காத்திருந்தார்.

பிறகு எழுதினார்:
மின் அடுப்பு, ஒன்று. பழையது.
பளிங்கு மேசை, ஒன்று. மூலை உடைந்தது.
தாமிர வாணலி, மூன்று.
அச்சுகள்...
பேனா நின்றது. இவை என்ன?

செவ்வகம், விரல் நீளம், நாற்பத்தெட்டு.
பொற்பாளத்தின் வடிவம், என்றாள் தூனியா.
பெயர் பினான்சியே.
பாரீஸ் பங்குச்சந்தைக்காரர்கள்
கையில் ஒட்டாமல் தின்பதற்காக
யாரோ செய்ததாகச் சொல்வார்கள்.
இந்தக் கடையின் தங்கம் அவ்வளவுதான்.

அவர் சிரிக்கவில்லை. எழுதினார்.

அந்த நீள்வட்டம்?
அது விசித்தாந்தீன், எங்கள் பக்கத்துச் சரக்கு.
மடத்துக் கன்னியர், இறைச்சி தொடாதவர்கள்,
மிஞ்சிய வெள்ளைக்கருவைக் கொட்ட மனமின்றிப்
பாதாமோடு குழைத்துச் சுட்டார்களாம்.
மாவு ஒன்றேதான் ஐயா.
ஓர் அச்சில் ஊற்றினால் துறவு,
இன்னோர் அச்சில் ஊற்றினால் வட்டி.

சாக்லேட் துணுக்கு தூவினால் வரிப்புலி.
மிராபெல் பழத்தைப் பாதியாக்கிக் கவிழ்த்தால் ஆகஸ்ட் மாதம்.
பிஸ்தா சேர்த்தால் பச்சை, ஐம்பது சென்ட் கூடுதல்.
ராஸ்பெரி வைத்தால் குழந்தைகள்
பழத்தை மட்டும் தோண்டித் தின்பார்கள்.

மொத்தம் எத்தனை மாற்று?
பத்தரை, என்றேன்.
ஞாயிறுதோறும் தூனியா
எள்ளும் ஆரஞ்சுப்பூ நீரும் கலந்து ஒன்று செய்கிறாள்.
அதற்கு இன்னும் பெயரில்லை, அதனால் அரை.
முதலில் தீர்வது அதுதான்.

மஞ்சள் கரு எங்கே போகிறது என்று
அவர் கேட்கவில்லை. நானே சொன்னேன்.
பிறக்கும்போதே பொன்னாக இருப்பதால்
அதை எல்லோரும் கேட்பார்கள், கஸ்டர்டுக்கு, ஐஸ்கிரீமுக்கு.
என் கூட்டாளி ஓரேலியனும் அப்படி.
மெட்ஸில் இரண்டாவது கடை என்று
என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போனவன்.
வாளியில் மிஞ்சியது வெள்ளை.
பார்த்தால் சளி.
அதற்கு நிறம் வேண்டுமானால்
இருநூறு டிகிரிக்குள் போய் வரவேண்டும்.

மணி அடித்தது.
தட்டை இழுத்தேன்.
ஓரம் சிவந்து, நடு உப்பி,
நாற்பத்தெட்டு பாளங்கள்
குழல்விளக்கின் கீழே கிடந்தன.
அவர் பேனாவைத் தூக்கி, கீழே வைத்து,
மறுபடி தூக்கினார்.
இவற்றை எழுத முடியாது, என்றார்.
கெடும் பொருள், பட்டியலில் சேராது.

அப்படியானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

இல்லை. விதி.
ஆனால் விலைக்கு வாங்கலாம்.
உரைகல்லில் உரைப்பதுபோல்
முன்பல்லால் ஒரு மூலையைக் கடித்தார்.
ஓரம் நொறுங்கும் சத்தம் எனக்கும் கேட்டது.
உள்ளே ஈரம் இருந்திருக்கும்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
அடுப்புச் சூட்டில் பனி படிந்ததாம்.
காசை எண்ணி வைத்தார். ரசீது கேட்டார்.
தூனியா கிழித்துக் கொடுத்தாள்.

பிறகு கடைசி வரியைச் சேர்த்தார், நேர்மையாக:
கல்லாவில் ரொக்கம்,
ஒரு யூரோ எண்பது.

மழை விட்டிருந்தது.
அவர் போன பிறகுதான் பார்த்தோம்,
மாவு மூட்டைமேல் குடை.